ஜீப்பில் கைமாறும் மாத்திரை

கூடலூரிலிருந்து ஜீப்பில் ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்கள், வயிற்றுப்போக்கு வந்தால் ஒரே ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஏறிவிடுவார்கள். தோட்டத்தில் ஒரு கக்கூஸ் கட்டிவிட எந்த முதலாளிக்கும் மனசில்லை. போக்கு நின்றதும் மீதி மாத்திரை அடுத்தவளுக்குப் போய்விடும். என் மனைவியும் அப்படித்தான். இந்த முறை நிற்கவில்லை, ரத்தமாகப் போனது.

தேனி ஆஸ்பத்திரியில் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர், "ஒண்ணு போட்டு நிறுத்தி நிறுத்தி, வழக்கமா குடுக்குற மருந்து எதுவும் இந்தக் கிருமிகிட்ட எடுபடாமப் போச்சு. ஒண்ணுதான் மிச்சம் இருக்கு" என்றார். அதன் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

சாயங்காலம், அவளோடு ஜீப்பில் போகிற ஒருத்தி பார்க்க வந்து, என் மனைவி கையில் அட்டையோடு வெட்டிய ஒரு மாத்திரையைத் திணித்தாள்.

"இதப் போடுக்கா. நேத்து எனக்கும் ரத்தமாத்தான் போச்சு. ஒண்ணு போட்டேன், இன்னைக்கு வேலைக்குப் போய்ட்டு வந்துட்டேன். ஜீப்புல எல்லாருக்கும் குடுத்திருக்கேன்."

அட்டையிலிருந்த பெயரை டாக்டர் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தேன்: மிச்சமிருந்த அந்த ஒரே மருந்தும் ஜீப்பில் ஆளுக்கு ஒன்றாகப் போய்விட்டிருந்தது.