வில்லன் சவூதிக்குப் போன படம்

இப்போது எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிற படங்களை மகள் ஒவ்வொன்றாக இறக்கித் தருகிறாள். நானும் விடாமல் பார்த்துத் தள்ளுகிறேன். ஒன்றில் ஒரு கிழவர் வெங்காயம் உரித்துக்கொண்டே இருக்கிறார். நானும் அழுதேன், வெங்காயத்துக்கா கிழவருக்கா என்று தெரியாமல். இன்னொன்றில் மழை, மழை, ஒரே மழை. படம் முடிந்ததும் ஓடிப்போய்க் கொடியில் கிடந்த உடுப்புகளை அள்ளிக்கொண்டு வந்தேன். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மூன்றாவது படத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. கணவனுக்காகக் காத்திருக்கும் ஒருத்தி, யாரோ தட்டுவது கேட்டுக் கதவைத் திறக்கப் போகிறாள். திரை கறுத்துவிட்டது. பெயர்கள் ஓடின.

"அவ்வளவுதானா?" என்றேன்.

"அதுதான் உம்மா அழகே. முடிவ எங்கள்ட்டயே விட்டுட்டார்."

முடிவை எங்களிடமே விடுகிற டைரக்டர் ஒருவரை எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். அவர் என் மாமா.

கற்பிட்டிக்குப் போகும் வழியில் இருந்த எங்கள் ஊருக்கு அப்போது கரண்ட் வந்திருக்கவில்லை. படம் பார்ப்பதென்றால், மாமா புத்தளத்தில் டீவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து வரவேண்டும். கூடவே ஒரு ஜெனரேட்டர். அது குடிக்கிற பெற்றோல், மாமாவின் படகு இஞ்சினுக்குப் போக மிஞ்சியது. கடல் கேட்டது போக மிச்சம்தான் சினிமாவுக்கு. அந்த மிச்சம் ஒருநாளும் கடைசிச் சண்டை வரை வந்து சேர்ந்ததில்லை. ஆகவே எங்கள் ஊரில் எந்தப் படத்துக்கும் முடிவு கிடையாது. கதாநாயகிகள் மலை விளிம்பில் தொங்கினபடியே கிடந்தார்கள். அடுத்த பெருநாள் வரை அவர்களை இறக்கிவிட ஆளில்லை.

அந்த வருடம் சாச்சா சவூதிக்குப் புறப்பட்டார். அவர் பெண்சாதி, என் சாச்சி, உம்மாவின் தங்கை, மாமாவுக்கும் தங்கை. கல்யாணம் முடித்து மருதாணி மங்குவதற்குள் விசா வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பயணம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு, வழியனுப்புகிற சந்தோஷத்துக்கு மாமா ஒரு படம் போட்டார்.

சாச்சி தன் அண்ணனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நானா, இந்த முறை முடிவு வரைக்கும் காட்டணும். இல்லாட்டி உங்களுக்கு ராச் சோறு இல்ல."

"கேன் நிறையக் கொண்டாந்திரிக்கன் தங்கச்சி. முடிவு மட்டுமில்ல, அதுக்குப் பொறகு வாற பேரையெல்லாம் எழுத்துக் கூட்டி வாசிக்கலாம்."

ஜன்னல்களில் சாக்குகளைத் தொங்கவிட்டுப் பகலை வெளியே நிறுத்தினார்கள். சாக்கின் ஓட்டைகள் வழியே வெயில் ஊசி ஊசியாக உள்ளே வந்தது. ஹோலில் ஆண்கள்; உள்ளறையில், பாதி தூக்கிச் செருகிய திரைச்சீலைக்குப் பின்னால், பெண்கள். இரண்டு பக்கமும் ஓடித்திரிய அனுமதி உள்ள ஒரே சாதி நாங்கள், பிள்ளைகள்.

படத்தில் ஒருவன் கப்பலேறிச் சம்பாதிக்கப் போகிறான். கடற்கரை வீட்டில் பெண்சாதி. ஆளுக்கொரு பாட்டு, சேர்ந்து ஒரு பாட்டு, கடிதத்துக்கு ஒரு பாட்டு. வீட்டை அபகரிக்க ஒரு வில்லன், மீசையோடு. பாதி வரை ஊரே விசிலடித்தது. பிறகு கடிதங்கள் நின்றன. தபால்காரன் அவள் படலையைத் தாண்டி மணியடிக்காமலே போனான். ஹோலில் சாச்சா பாயின் ஓலையை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தார். உள்ளறையில் சாச்சி முழங்காலில் நாடியை வைத்து, இமைக்காமல் இருந்தாள். அந்த அமைதி எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து குசினிக்குப் பின்னால் போனேன்.

அங்கே மாமா ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். உள்ளே ஓடுகிற படத்தின் சத்தத்தைக் காதால் அளப்பது போலத் தலையைச் சாய்த்திருந்தார். திடீரென்று கையை நீட்டிச் சுவிச்சைத் தட்டினார்.

ஜெனரேட்டர் நின்றது. வீட்டுக்குள்ளிருந்து ஊரே "ஐயோ" என்றது.

மாமா கேனைத் தூக்கி விறகுக்குப் பின்னால் ஒளித்தார். அது களக் களக் என்றது. திரும்பியவர் என்னைக் கண்டார். "மூச்சு விட்டியோ, தூக்கிக் களப்புத் தண்ணிக்குள்ள போட்டுருவன்" என்று சொல்லி, சாரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

"பெற்றோல் முடிஞ்சி."

"கேன் நிறைய எண்டீங்களே மச்சான்!" பக்கத்து வீட்டுக் கருவாட்டு முதலாளி எழும்பியே விட்டார்.

"ஓட்டக் கேன். இரிங்க, இரிங்க. கசட் கொப்பி சரியா எண்டு புத்தளத்துல போட்டுப் பாத்துத்தான் எடுத்தன். முடிவ நான் சொல்றன்." கறுத்துப்போன டீவிக்கு முன்னால் நின்று, திரைச்சீலைப் பக்கம் திரும்பிச் சொன்னார். "அவன் வாறான். பெட்டியோட வாறான். பெரிய பெட்டி, ரெண்டு பேர் தூக்கணும். புள்ளைக்கு நடக்கிற பொம்ம கொண்டாறான். ஊட்டுக்கு ஓடு போடுறான்."

"கடைசிச் சண்டை?"

"இரிக்கி. ஹார்பர்ல."

"யாரோட? வில்லன் எங்க போனான்?"

மாமா வில்லனை மறந்தே போயிருந்தார். ஒரு கணம் கூரையைப் பார்த்தார். "அவனா? அவனுக்கும் விசா வந்திட்டு. சவூதிக்குப் போயிட்டான்."

சாச்சாதான் முதலில் சிரித்தார். பிறகு சுவர் அதிர வீடே சிரித்தது. சாக்குகளைக் கழற்றினார்கள், பகல் திரும்பி உள்ளே வந்தது.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அடுத்த நாள் காலையில் சாச்சியின் அறைக்குள் நுழைந்தேன். சாச்சி பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். சேர்ட்டுகளுக்கு நடுவில், பத்திரிகைத் தாளில் சுற்றிய சுறாக் கருவாடு.

"சாச்சி, பெற்றோல் முடியவே இல்ல. மாமாதான் நிப்பாட்டினார். கேன் விறகுக்குப் பின்னால இரிக்கி, நான் கண்டன்."

"தெரியும்."

"எப்பிடித் தெரியும்?"

"எண்ணெய் முடிஞ்ச இஞ்சின் இருமி இருமித்தான் மகள் நிக்கும். கடலுக்குப் போறவன்ட ஊட்டுல இருந்துக்கிட்டு எனக்கு அது தெரியாதா? நேத்து அது டக்கெண்டு வாயப் பொத்திக்கிட்டிச்சி."

"அப்ப மிச்சத்தப் போடச் சொல்லுங்களன்! டெக் இன்னும் திரும்பிப் போகல்ல."

சாச்சி என் கன்னத்தைக் கிள்ளினாள். "பெட்டி பூட்டுப்படுது இல்ல. மேல ஏறி இரி, வா."

சில வருடம் கழித்துச் சாச்சா திரும்பி வந்தார். பெட்டியோடுதான் வந்தார். நடக்கிற பொம்மையும் வந்தது. எங்கள் மணலில் அது ஓரடிகூட நடக்கவில்லை என்பது வேறு கதை. வீட்டுக்கு ஓடு போட்டார்கள். வில்லனைத்தான் இன்னும் காணவில்லை.

நான் சொன்ன கதையை வைத்து, அந்தப் பழைய படத்தைப் போன கிழமை மகள் எங்கோ தேடிப் பிடித்துவிட்டாள். தனியாக உட்கார்ந்து பார்த்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு குசினிக்கு வந்தாள்.

"உம்மா, கடைசியில அவன்..."

"பெட்டியோட வாறான்."

"இல்ல உம்மா, அந்தக் கப்பல்..."

"பெட்டியோட வாறான் மகள். பெரிய பெட்டி."

அவள் வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினாள்.

ஆனால் அன்று, சாச்சாவின் பெட்டிக்கு மேல் காலைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தபோது, சாச்சியை நினைத்து எனக்குப் பரிதாபமாகத்தான் இருந்தது. இவ்வளவு பெரிய மனுசி, விறகுக்குப் பின்னால் கேன் நிறையப் பெற்றோல் கிடக்கிறது, கேட்டு வாங்கத் தெரியவில்லையே!

"இன்னும் கொஞ்சம் அமத்து மகள்" என்றாள் சாச்சி.

என் முழுப் பாரத்தையும் போட்டு அமத்தினேன். பூட்டு விழுந்தது.