அரை லிட்டர் வீட்டுக்கு அஞ்சு லிட்டர்

நூர் பாஷாவைக் கெட்டவர் என்று யாரும் சொன்னதில்லை. அதுதான் இதில் எரிச்சல். கெட்டவன் ஒருவன் செய்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடலாம்.

பாப்பிரெட்டிப்பட்டியைச் சுற்றி கொட்டாய் என்று சொல்லும் ஏழெட்டுச் சிற்றூர்களுக்கு மண்ணெண்ணெய் ஊற்றியவர் அவர். ஒற்றை மாட்டு வண்டியில் படுக்க வைத்த பேரல், அதன் பின்பக்கம் ஒரு குழாய், ஒரு புனல், இரண்டு அளவைகள். தொழில் அவ்வளவுதான். வண்டியை நிறுத்தி அளவையால் பேரலைத் தட்டினால் பெண்கள் பாட்டிலும் கையுமாக வந்துவிடுவார்கள். எண்பத்தி மூன்று, நாலில் பல கொட்டாய்களில் கரண்ட் கம்பம் மட்டும் நின்றது, கரண்ட் வரவில்லை. எங்கோ அரபு நாட்டில் எண்ணெய் விலை ஏறினால் இங்கே விளக்கு சீக்கிரமே அணைந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவனை யார் திட்ட முடியும், அதனால் பாயைத் திட்டினார்கள். அவரும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார்.

எந்த வீட்டில் எவ்வளவு எரிகிறது என்பது அவருக்கு அத்துப்படி. பாட்டிலைப் பார்த்தே வீட்டைச் சொல்வார். வழக்கத்துக்கு மேல் கால் லிட்டர் கேட்டால், பிரசவத்துக்கு மகள் வந்திருக்கிறாளா என்று விசாரிப்பார். பெரும்பாலும் வந்திருப்பாள். பம்ப் ஸ்டவ் ரிப்பேரும் பார்ப்பார் என்பதால் எத்தனை அடுப்படியில் ஸ்டவ் இருக்கிறது என்பதும் தெரியும். மொத்தமே பதினொன்று. ராமக்காள் வீடு அந்தப் பதினொன்றில் இல்லை. அங்கே விறகு அடுப்புதான். இரண்டு விளக்குக்கு வாரம் அரை லிட்டர், அதைத் தாண்டியதே இல்லை.

பாட்டிலை எடுத்து வருவது ராமக்காளின் மருமகள் சாலம்மாள். இருபது வயது இருக்கும், கட்டிக்கொண்டு வந்து எட்டு மாதம். ராமக்காள் மகன் கிருஷ்ணப்பனுக்கு மோட்டார் சைக்கிள் வேண்டியிருந்தது. கல்யாணத்தில் பேசிய வண்டி வரவில்லை. சாலம்மாளின் அம்மா குள்ளம்மாள் புருஷனை இழந்தவள், கூலிக்குக் களை எடுப்பவள். அவள் எங்கே போய் மோட்டார் சைக்கிள் வாங்குவாள்? வண்டி வராத கோபம் சாலம்மாளின் முகத்தில் அடிக்கடி வீங்கித் தெரிந்தது. நூர் பாஷா பார்த்திருக்கிறார். அளவைக்கு மேலே ஒரு சொட்டு சேர்த்து ஊற்றுவார். அவரால் ஆனது அதுதான் என்று நினைத்துக்கொள்வார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாலம்மாள் வரவில்லை. ராமக்காளே தகர டின்னோடு வந்து அஞ்சு லிட்டர் கேட்டாள். ஸ்டவ் வாங்கியாச்சா என்று நூர் பாஷா கேட்டார். ஆமாம், மருமகளுக்கு விறகுப் புகை ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். அவருக்கு மனசு குளிர்ந்துபோனது. பரவாயில்லை, கிழவிக்கும் ஈரம் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு டின் நிறைய ஊற்றினார். ஊரில் யார் வீட்டு எண்ணெய்க் கணக்கும் தெரிந்த மனுஷர், அன்றைக்குத் தப்பாகப் புரிந்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை ஸ்டவ் வெடித்து சாலம்மாள் செத்துப்போனாள் என்று சேதி வந்தது.

கட்டிக்கொண்டு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண் என்பதால் ஆர்.டி.ஓ. விசாரணைக்கு வந்தார். குள்ளம்மாள் மண்ணை அள்ளிப் போட்டுச் சொன்னாள், அந்த வீட்டில் ஸ்டவ்வே கிடையாது என்று. ராமக்காள், ஆறு மாதமாக ஸ்டவ்வில்தான் சமையல் என்றாள். அக்கம்பக்கத்து வீடுகளுக்கு அன்றைக்கென்று கண்ணும் தெரியவில்லை, காதும் கேட்கவில்லை. கடைசியில் அதிகாரி, எண்ணெய் ஊற்றுகிறவர் யார், அவரை நாளைக்கு வரச் சொல்லுங்கள் என்றார். ஒரு பெண் எப்படிச் செத்தாள் என்பது நூர் பாஷாவின் வாயில் வந்து நின்றது.

அன்று சாயங்காலமே ராமக்காளின் அண்ணன் தீர்த்தகிரி வந்தார். பெங்களூருக்குப் புளி ஏற்றும் இரண்டு லாரிக்குச் சொந்தக்காரர். நூர் பாஷாவுக்குக் கொட்டாய்களுக்கென்று சர்க்கார் விலையில் வாரம் இரண்டு பேரல் வரும். அதில் ஒன்று தீர்த்தகிரியின் லாரிகளில் டீசலோடு கலந்து பெங்களூர் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு வருஷமாக நடக்கிறது. கொட்டாய்ப் பெண்களிடம் ஸ்டாக் வரவில்லை என்று சொல்லிவிடுவார். நல்லவர் என்றேன் அல்லவா, அந்த நல்லவருக்கு இருந்த ஓட்டை இது.

தீர்த்தகிரி சத்தம் போடவில்லை. வண்டியோரம் நின்று சொன்னார்:

"போன பொண்ணு திரும்பி வரப்போறதில்ல பாய். பேரல் விசயம் வெளிய வந்தா நாம ரெண்டு பேரும்தான் உள்ள போவோம். என்னை வெளிய எடுக்க ஆள் இருக்குது. உங்களுக்கு யாருங்க இருக்காங்க?"

வீட்டில் மனைவி ஜான் பீயிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள், நம் மகள் ஷகிலாவும் நாளைக்கு ஒரு வீட்டுக்குப் போகிறவள்தானே என்று மட்டும் கேட்டாள். அவளுக்காகத்தான் யோசிக்கிறேன் என்றார் நூர் பாஷா. பயத்துக்கு அப்பா வேஷம் கட்டிவிட்டால் பார்க்கக் கௌரவமாகத்தான் இருக்கிறது.

மறுநாள் அதிகாரியின் முன்னால் ஒரு ஸ்டவ்வை வைத்தார்கள். வெடித்த ஸ்டவ் என்றால் டாங்கி வெளிப்பக்கமாகக் கிழிந்திருக்கும். இது உள்பக்கமாக நசுங்கியிருந்தது, சுத்தியல் பட்ட தடம் தெளிவாகத் தெரிந்தது. பர்னரில் ஒரு பொட்டுக் கரி இல்லை. பத்த வைக்காத ஸ்டவ் என்று ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது நூர் பாஷாவுக்கு. அதிகாரி சின்ன வயசுக்காரர், மரியாதையாகத்தான் கேட்டார். பயப்படாமல் சொல்லுங்கள் என்று இரண்டு தடவை சொன்னார்.

"ஆறு மாசமா வாரம் அஞ்சு லிட்டர் ஊத்தறனுங்க" என்றார் நூர் பாஷா. "பழைய ஸ்டவ்வுங்க. வாஷர் போயிருக்கும். பம்ப் கூடுதலா அடிச்சா வெடிக்குமுங்க."

எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். கையெழுத்துப் போட்டார். வெளியே வேப்பமரத்தடியில் குள்ளம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவள் அழவில்லை, சாபமும் விடவில்லை.

"எம்பொண்ணு வெறகு பொறுக்கிப் பொறுக்கிக் கையெல்லாம் முள்ளு. நீங்க பாத்ததில்லீங்களா பாய்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு மாட்டை அவிழ்க்கப் போனார். பார்த்திருக்கிறார். பாட்டில் நீட்டிய கையைப் பார்க்காமல் எப்படி ஊற்றியிருக்க முடியும்?

விபத்து என்று கோப்பு மூடியது. பேரல் நிற்கவில்லை, லாரிகளும் நிற்கவில்லை. நூர் பாஷாவுக்குத்தான் என்னமோ ஆனது. எண்ணெய் நாற்றம் போகவில்லை என்று சோப்புப் போட்டுப் போட்டுக் கையைத் தேய்ப்பார். இருபது வருஷமாக இல்லாத நாற்றமா என்று ஜான் பீ கேட்டாள். தொழுகைக்குப் போனால் கடைசி வரிசையில் நின்றார். இதையெல்லாம் கேட்டு அவர் மேல் இரக்கப்படத் தோன்றினால், குள்ளம்மாளை ஒரு தரம் நினைத்துக்கொள்ளலாம். இரக்கம் தானாக வற்றிவிடும்.

அடுத்த வருஷம் கிருஷ்ணப்பனுக்கு இரண்டாம் கல்யாணம். காரிமங்கலம் பக்கத்துப் பெண். இந்தத் தடவை மோட்டார் சைக்கிள் முன்னாடியே வந்துவிட்டது. பெட்ரோல் புகையைக் கக்கிக்கொண்டு அவன் கொட்டாயைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

கல்யாணமான இரண்டாம் வாரம் புதுப்பெண் வண்டிக்கு வந்து டின்னை நீட்டினாள். மஞ்சள் கயிறு இன்னும் வெளுக்கவில்லை. அஞ்சு லிட்டர் என்றாள். எதற்கு என்று நூர் பாஷா கேட்டார். ஸ்டவ்வுக்குத்தான் என்றாள். பின்னால் ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, அந்த வீட்டில் பத்திரமாக இரும்மா, முடிந்தால் உன் அப்பாவை வந்து கூட்டிப்போகச் சொல் என்றார். ஒரு வருஷமாக அவர் பேசிய உண்மையான வார்த்தை அதுதான்.

பெண் பயப்படவில்லை. அவர் எதைச் சொல்கிறார் என்று புரிந்துகொண்ட மாதிரிச் சிரித்தாள்.

"மொதத் தாரத்தப் பத்தி நாலு பேரு நாலு விதமாச் சொன்னாங்கன்னு எங்கப்பாவும் பயந்தாருங்க. அப்புறம்தான் விசாரிச்சாரு. எண்ணெய் ஊத்தற பாயே ஆபீசர்கிட்ட சொல்லியிருக்காரு, பழைய ஸ்டவ்வுதான் காரணம்னு தெரிஞ்சுதுங்க. நீங்க பொய் சொல்ற ஆளில்லைன்னு ஊரே சொல்லுச்சாம். அதை நம்பித்தான் என்னைக் கட்டிக் குடுத்தாரு. ஸ்டவ்வும் புதுசா வாங்கிக் குடுத்திருக்காருங்க."

பின்னால் நின்றவர்கள் நேரமாகிறது என்று முணுமுணுத்தார்கள். நூர் பாஷா புனலை டின்னில் வைத்து, குழாயைத் திறந்துவிட்டார்.