யானை நுழையாத வாசல்

இரண்டு வருஷத்துக்கு முந்தின மழைக்காலம். திருவனந்தபுரம் கரமனையில், நானே நின்று கட்டிய என் வீட்டில் நடந்தது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டு, நாகர்கோவில் பக்கத்திலிருந்து சித்தாளாகத் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கியவன் நான். கொத்தனாராகி, கான்ட்ராக்டரும் ஆகிவிட்டேன். இந்த ஊரில் நான் கட்டிய வீடு இல்லாத தெரு குறைவு. வேண்டுமானால் விசாரித்துப் பார்க்கலாம்.

பேத்திக்கு அப்போது நாலு வயது. எழுத்தே இல்லாத ஒரு படப்புத்தகத்தை என் மருமகள் அவளுக்கு வாங்கிக் கொடுத்திருந்தாள். பக்கத்துக்குப் பக்கம் ஒரு யானை குடை பிடித்துக்கொண்டு எங்கேயோ போகிறது, அவ்வளவுதான். பேத்தி என் மடியில் உட்கார்ந்து கதை சொல்வாள். ஒருநாள் யானை டாக்டரிடம் போனது. மறுநாள் அதே யானை கல்யாணத்துக்குப் போனது. அதற்கும் அடுத்த நாள், பஸ் ஏறி போனக்காடு எஸ்டேட்டுக்குத் தேயிலை பறிக்கப் போய்விட்டது.

எனக்குப் பொறுக்கவில்லை. என்னிடம் வேலை செய்கிறவன் நேற்று ஒன்று இன்று ஒன்று சொன்னால் அன்றோடு சரி. அந்தப் பழக்கத்தில், "தெனம் ஒரு பொய்யா? எது நெசம்னு சொல்லுட்டி" என்று அதட்டிவிட்டேன்.

அவள் அழவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு இறங்கிப் போனாள். அதன்பிறகு எதைக் கேட்டாலும் "அறிஞ்சூடா" என்ற ஒரே பதில். தெரியாது என்பதற்கு மலையாளத்தில் அப்படித்தான். இரண்டு வாரம் ஓடியது. படம் காட்டிக் கேட்டால் குழந்தை பயந்து முகத்தைப் பார்க்கிறாள் என்று அங்கன்வாடி டீச்சரே மருமகளிடம் சொல்லிவிட்டார்.

அன்று மதியம் சோறு பரிமாறும்போது மருமகள் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, ஒண்ணு கேட்டா கோவப்படப்பிடாது. வெறும் மண்ணுல ஆட்களை நிப்பாட்டி, இதுதான் அடுக்களை, இந்த ஜன்னல்ல காத்து அள்ளிக்கிட்டு வரும்னு சொல்லுவீங்கல்லா? அங்க ஜன்னல் இருக்குமா?"

"இருக்காது. நான் சொன்ன பொறவுதானே வரும்."

"அப்போ நீங்க சொல்லுகது பொய்யா?"

பிளான் பேப்பரைச் சரியாகப் படிக்கத் தெரியாத என்னை நம்பி ஆட்கள் வீடு கட்டக் கொடுத்ததே அந்தப் பேச்சுக்காகத்தான்.

மறுநாள் காலையில் மழை விட்டதும் சுண்ணாம்புப் பொடியோடு மொட்டை மாடிக்கு ஏறினேன். "ஆனைக்கு வீடு கட்டப் போறேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத் தரையில் கோடு போட்டேன். நாலு அறை, முன்பக்கம் வாசல். பேத்தி படிக்கட்டுச் சுவரைப் பிடித்தபடி நின்று பார்த்தாள். பிறகு மெதுவாக வாய் திறந்தாள்.

"தாத்தா, ஆனை இதுல எப்படி கேறும்?"

குனிந்து பார்த்தேன். யானை நுழைய வேண்டிய வாசல் மூன்றரை அடி! அவளைப் பேசவைக்க வேண்டுமென்றே குறுக்கினேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் மனுஷர் வீட்டுக்குக் கோடு போட்ட வெறும் கைப்பழக்கம். என் அளவில் குற்றம் கண்டுபிடித்தவள் இந்த ஊரில் அவள் ஒருத்திதான்.

"அப்போ நீயே அளவு சொல்லு" என்றேன். இரண்டு கையையும் விரித்தாள். போதாது என்று அந்தப் பக்கச் சுவர் வரைக்கும் ஓடினாள். நனைந்த குடைக்குத் தனி அறை, மேலே காக்காவுக்கு வாடகை வீடு, யானை வழுக்கி விழாமல் இருக்கப் படி என்று கொட்டித் தீர்த்தாள். திடீரென்று நின்று என் முகத்தைப் பார்த்தாள்.

"தாத்தா, இது பொய்யா?"

"இல்லட்டி. இன்னும் கட்டல, அவ்வளவுதான்" என்றேன்.

அவள் திரும்பவும் பேச ஆரம்பித்தாள். இன்றைக்கும் எந்தக் குழந்தை இல்லாத ஒன்றைச் சொன்னாலும், "பொறவு?" என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன். ஒரே ஒரு அதட்டலில் என் வீடு இரண்டு வாரம் ஊமையாகக் கிடந்ததை நான் கண்ணால் பார்த்தவன்.