காருக்கு மட்டும் வந்த அழைப்பு

எழுபதுகளின் நடுவில், பெட்ரோல் விலை ஏறிவிட்டதென்று ஊரே புலம்பிக்கொண்டிருந்த சமயம். மந்தைவெளியில் ஒரு பழைய வீட்டில் நான் தனியாக இருந்தேன். தனியாக என்றால், நானும் ஒரு காரும்.

சாதாரணக் கார் இல்லை. கப்பல் மாதிரி நீளம். மேற்கூரையைப் பின்னால் மடித்துவிடலாம். ஸ்டீரிங் இடது பக்கம், கியர் அந்த ஸ்டீரிங்கை ஒட்டியே இருக்கும். சொந்த ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடமிருந்து என் கணவர் ஆசைப்பட்டு வாங்கியது. வாங்கிய அன்றே அவருடைய அண்ணா, "இதுல ஒரு போல்ட் போச்சுன்னா கப்பல்லதான் வரணும்" என்று வாழ்த்திவிட்டுப் போனார். எது தேய்ந்தாலும் என் கணவர் பழசைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஈக்காட்டுத்தாங்கலுக்குப் போவார். அங்கே ஒரு லேத் பட்டறையில் அதே மாதிரி கடைந்து கொடுப்பார்கள். கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அரத்தால் தேய்த்துத் தேய்த்துப் பொருத்துவார். நான் டார்ச் அடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். எங்களுக்குக் குழந்தை இல்லை. ஞாயிற்றுக்கிழமைகள் அப்படித்தான் போயின, நன்றாகவே போயின.

எனக்கு ஓட்டவும் கற்றுக்கொடுத்தார். அடையாறு கடற்கரைப் பக்கம் அப்போது ஈ காக்கை இருக்காது. "இடிச்சாலும் மணல்லதானே இடிப்பே, தைரியமா ஓட்டு" என்பார்.

பிறகு ஒரு நாள் ஆபீசில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் திரும்பி வரவில்லை.

காரை விற்றுவிடு என்று மைத்துனர் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். நான் அசையவில்லை. சும்மா நிற்கிற வண்டி சீக்கிரம் கெட்டுப்போகும் என்று என் கணவர் சொல்லியிருந்ததால், வெள்ளிக்கிழமை தோறும் காலையில் ஷெட்டைத் திறந்து, ஸ்டார்ட் செய்து, வாசல் கேட் வரை ஓட்டிக்கொண்டு வருவேன். அங்கே நிறுத்தி, அப்படியே ரிவர்சில் ஷெட்டுக்குக் கொண்டுபோய் விட்டுவிடுவேன். கேட்டைத் திறந்ததே இல்லை. புருஷன் போனவள் கூரை இல்லாத காரில் தெருவில் போனால் என்னவெல்லாம் பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். பக்கத்து சீட்டைப் பார்க்காமல் ஓட்டவும் பழகிக்கொண்டேன்.

ஆனால் கார் ஊர் சுற்றியது. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முதல் நாள் சாயந்திரம் ஜானவாசம் நடக்கும். மாப்பிள்ளையைக் கோட்டும் சூட்டுமாகத் திறந்த காரில் உட்காரவைத்து, நாதஸ்வரம், பெட்ரோமாக்ஸ் விளக்கு சகிதம் ஊர்வலமாக மண்டபத்துக்கு அழைத்து வருவார்கள். மயிலாப்பூரில் யார் வீட்டு ஜானவாசம் என்றாலும் என் காரைக் கேட்டு வந்துவிடுவார்கள். நானும் சும்மாவே கொடுத்துவிடுவேன். அதைக் கேட்கவாவது நாலு பேர் வாசல் ஏறி வருகிறார்களே என்று இருந்தது. பூ அலங்காரம், பானெட்டில் சந்தனம், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், மண்டபத்து வாசலில் ஆரத்தி என்று காருக்கு ராஜ உபசாரம் நடக்கும். அவர் போனதில் எனக்குத்தான் பொட்டுப் போயிற்று, காருக்குப் போகவில்லை.

அந்த வைகாசியில் எதிர் வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம். அவளுடைய அம்மாவும் நானும் தினமும் கேட் அருகில் நின்று பேசுகிறவர்கள். தம்பதியாகப் பத்திரிகை வைக்க வந்தார்கள். பத்திரிகையைக் கையில் கொடுத்தாள். குங்குமச் சிமிழ் மட்டும் பைக்குள்ளேயே இருந்தது. பிறகு, "ஜானவாசத்துக்கு உங்காத்துக் கார் கிடைக்குமா?" என்று கேட்டாள். கேட்கும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கிடைக்கும் என்றேன்.

வழக்கமாக அந்தக் காரை ஊர்வலத்துக்கு ஓட்டுகிறவர் ராயப்பேட்டையிலிருந்து வரும் ஒரு வயதான பாய். "இது ஓட்ற வண்டிம்மா. நடக்கச் சொன்னா இதுக்குக் கோவம் வரும்" என்பார். உண்மைதான். நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஆமை வேகத்தில் ஊர்ந்தால் இஞ்சின் சூடேறி, பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி, வண்டி நின்றுவிடும். குழாயின் மேல் ஈரத் துணியைச் சுற்றி ஆறவைத்தால் மறுபடி கிளம்பும். இதற்கென்றே டிக்கியில் தண்ணீர்க் கூஜாவும் இரண்டு துண்டும் எப்போதும் இருக்கும். ஆனால் அந்த வாரம் பார்த்து பாய் ஆம்பூருக்கு ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போய்விட்டார். அவர் அனுப்பிவைத்த ஆளிடம் எல்லாம் சொல்லித்தான் விட்டேன். அவன் தலையை ஆட்டினான், அவ்வளவுதான்.

கார் போன பிறகு தெருவே காலியாகிவிட்டது. எல்லோரும் மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். நான் விளக்கேற்றிவிட்டு, செய்ய ஒன்றுமில்லாமல் ஏற்கெனவே மடித்த புடவையைப் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தேன். அப்போது வாசலில் சைக்கிள் ரிக்‌ஷா மணி அடித்தது. இறங்கி வந்தவர் பெண்ணின் அப்பா. பட்டு வேஷ்டி வியர்வையில் நனைந்திருந்தது.

"மாமி, வண்டி தெற்கு மாட வீதியில நின்னுடுத்து. சம்பந்தியாத்து மனுஷா அந்த டிரைவரைக் கன்னாபின்னான்னு திட்டிட்டா. அவன் சாவியை சீட்டுல போட்டுட்டுப் போயே போயிட்டான். நிச்சயதார்த்தத்துக்கு நேரமாயிண்டே இருக்கு."

"பாய் ஊர்ல இல்லையே மாமா" என்றேன்.

"தெரியும்" என்று தரையைப் பார்த்தார். "நீங்க வெள்ளிக்கிழமை ஓட்டறதை நாங்க மாடியிலேர்ந்து பார்த்திருக்கோம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. யாருக்கும் தெரியாது என்றுதான் இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. அதற்கடியில், யாரோ பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள் என்று ஒரு சின்ன சந்தோஷமும் இருந்தது. ஆனால் ஜானவாசத்துக்கு எதிரில் நான் போய் நிற்பதா? நாளைக்கு அந்தப் பெண்ணுக்குத் தலைவலி வந்தால்கூட என்னைத்தானே சொல்வார்கள்? அவரிடம் இதைக் கேட்க வாய் வரவில்லை. அவரும் அதைத்தான் யோசித்துக்கொண்டு நிற்கிறார் என்று தெரிந்தது. "கிளம்புங்கோ மாமி" என்று கடைசியில் அவரே சொன்னார். என்னை அந்த ரிக்‌ஷாவில் ஏற்றிவிட்டு, பின்னால் ஓட்டமும் நடையுமாக வந்தார்.

மாட வீதியில் மாப்பிள்ளை மாலையோடு காரின் பின் சீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தார். நாதஸ்வரக்காரர் ஓய்ந்துபோய் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். நான் ரிக்‌ஷாவிலிருந்து இறங்கியதும் பட்டுப் புடவைக்காரர்கள் இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். "எதிர்ல யாரு வரா பாரு" என்று ஒரு குரல் கேட்டது. திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன்.

ரிக்‌ஷாக்காரர்தான் கூட்டத்தை விலக்கினார். "நவுரு நைனா! அம்மா வண்டி, அம்மாக்குத் தெரியும். இன்னாத்துக்கு மறிச்சிக்கினு நிக்கற?"

பானெட்டைத் திறந்து, துண்டை நனைத்துக் குழாயின் மேல் சுற்றினேன். உஸ்ஸென்று ஆவி வந்தது. சூடு ஆறும் வரை இன்னும் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தேன். அந்த டிரைவர் விடாமல் செல்ஃப் அடித்ததில் பேட்டரியும் இறங்கியிருந்தது. தள்ளித்தான் கிளப்ப வேண்டும். கார் ஓட்டத் தெரிந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் கம்பீரமாக முன்னால் வந்தார். இடது பக்க ஸ்டீரிங்கையும் கியரையும் பார்த்ததும் அதே கம்பீரத்தோடு பின்னால் போய்விட்டார். "நான் ஏறணும்னா ஏறறேன்" என்றேன். வேறு வண்டி பார்க்கலாமே என்று ஒருவர் முணுமுணுத்தார்.

அப்போது மாப்பிள்ளை வாயைத் திறந்தார். "மாமி, நீங்களே ஓட்டிடுங்கோ. இந்தக் கோட்டுக்குள்ள நான் வெந்துண்டிருக்கேன்."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நான் ஏறி உட்கார்ந்தேன். "தள்ளுங்கப்பா! பட்டு வேஷ்டில்லாம் வா, ஒண்ணும் தேஞ்சு பூடாது" என்று ரிக்‌ஷாக்காரர் அதட்ட, சம்பந்திகளே தள்ளினார்கள். கிளட்சை விட்டேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி உயிர் பெற்றது.

ஆனால் ஊர்ந்தால் மறுபடி நிற்கும். நிறுத்தினால் தள்ள வேண்டும். "நீங்க மேளத்தோட மண்டபத்துக்கு நடங்கோ. நான் வண்டிக்குக் காத்துப் பட ஒரு சுத்துப் போயிட்டு வந்து சேர்ந்துக்கறேன்" என்று பெண்ணின் அப்பாவிடம் கத்திவிட்டு, மாப்பிள்ளையோடு கிளம்பிவிட்டேன். பின்னால் ஒரே கூச்சல். திரும்பிப் பார்க்கவில்லை.

கச்சேரி ரோடு வழியாக சாந்தோம் கடற்கரை வரை போனோம். காற்று அள்ளியது. மாப்பிள்ளை பின்னால் மாலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அற்புதமான வண்டி மாமி. மாமா எப்ப வாங்கினார்?" என்று கேட்டார். என் கணவர் இறந்த பிறகு அவரைப் பற்றி என்னிடம் யாருமே பேச்செடுத்ததில்லை. என் மனசு நோகும் என்று எல்லோருமே தவிர்த்துவிடுவார்கள். நான் வெள்ளைக்கார அதிகாரியில் ஆரம்பித்து, லேத் பட்டறை, அரம், டார்ச் என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. காற்று என்று நினைத்திருப்பார்.

லஸ் அருகில் மண்டபத்து வாசலுக்கு நாங்கள் வந்ததும் மேளமும் வந்து சேர்ந்தது. ஆரத்தி எடுத்தார்கள். மாப்பிள்ளைக்குப் பொட்டு, காருக்குப் பொட்டு. நான் இஞ்சினை அணைக்காமல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை இறங்கும்போது எனக்கு ஒரு கும்பிடு போட்டார். அவரைச் சூழ்ந்துகொண்டு எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். வாசல் ஒரேயடியாகக் காலியாகிவிட்டது. உள்ளே பாத்திரச் சத்தம், சிரிப்பு, யாரோ யாரையோ கூப்பிடும் குரல். வா என்றும் யாரும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. என் வீட்டில்கூட நான் அவ்வளவு தனியாக இருந்ததில்லை. கியரைப் போடக் கையை வைத்தேன்.

அப்போது பெண்ணின் அம்மா வெளியே வந்தாள். கையில் இன்னும் ஆரத்தித் தட்டு. கார் அருகில் வந்து நின்றாள்.

"உள்ள வாங்கோன்னு கூப்பிட எனக்கு ஆசையா இருக்கு மாமி" என்றாள்.

"எனக்குத் தெரியாதா? போ, உள்ள தேடப் போறா" என்றேன்.

அவள் போகவில்லை. சுற்றிக்கொண்டு வந்து, மறுபக்கக் கதவைத் திறந்து, என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். "நீங்க உள்ள வரக்கூடாதுன்னுதானே சொல்லுவா. நான் வெளியில வந்து உட்காரக் கூடாதுன்னு யாரும் சொல்லலியே" என்றாள்.

உள்ளே நிச்சயதார்த்தத்துக்குக் கூப்பிடும் வரை, தன் பெண் கல்யாணத்தின் நடுவில், அவள் அந்தக் காரில் என்னோடு உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டதும் என் கையை ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனாள். கல்யாணத்தன்று காலையில் நான் போகவில்லை, அவளும் கூப்பிடவில்லை. அதற்காக எனக்கு அவள் மேல் வருத்தம் இருந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை நான் காரைக் கேட் வரை கொண்டுவந்தபோது அவள் எதிர் வீட்டு வாசலிலேயே நின்றிருந்தாள். தெருவைக் கடந்து வந்து கேட்டைத் திறந்துவிட்டு, முன் சீட்டில் ஏறிக்கொண்டாள்.

அந்தக் காரை அதற்குப் பிறகும் வெகு காலம் வைத்திருந்தேன். இப்போது உறவில் யாராவது பெரிய கார் வாங்கிவிட்டு, இது நடு வழியில் நிற்கவே நிற்காதாம் என்று பெருமையாகச் சொன்னால் நானும் நல்லது என்று தலையாட்டுகிறேன். என் கார் அன்று சாயந்திரம் மாட வீதியில் நின்றிருக்காவிட்டால், என் பக்கத்து சீட்டு கடைசி வரை காலியாகவே இருந்திருக்கும் என்பதை மட்டும் அவர்களுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.