பெயிண்ட் அடித்த சக்கரம்

இந்த வயசிலும் வத்தேகமையில் லொறியை ஓரங்கட்டி, வீல் ஸ்பேனரோடு இறங்கி, சக்கரத்து நட்டுகளை இறுக்கக் குனிகிறேன். இடுப்பு செத்துப்போகிறது. டீக்கடையில் நிற்கிறவர்கள், "இந்த ஆளுக்கு வேற வேலையே இல்லையா" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எனக்கும் அலுத்துத்தான் போச்சு.

பல வருசத்துக்கு முந்தி மடுல்கெல்லப் பக்கம் ஒரு தோட்டத்தில் தேயிலை லொறி ஓட்டினேன். சரஸ்வதி பூசைக்கு லொறியைக் கழுவி, பொட்டு வைத்து, சக்கரத்துக்குச் சில்வர் பெயிண்ட் அடிப்போம். கிளீனர் என் மனைவியின் தம்பி. அந்த வருசம் சக்கரங்களைக் கழற்றியே போட்டு, நட் உட்காருகிற இடம் வரைக்கும் இரண்டு தரம் தடிப்பாகப் பூசிவிட்டான். "சாமி வாகனம் மாதிரி இருக்குடா" என்று நானும் மெச்சினேன். நட் உட்காருகிற இடம் வெறும் இரும்பாக இருக்க வேண்டும். பெயிண்ட் இருந்தால் ஓட்டத்தில் நசுங்கி இறுக்கம் போய்விடும். இது எனக்குத் தெரியும். பூசைக்குப் பூசியதைச் சுரண்டச் சொல்ல வாய் வரவில்லை.

மாட்டியதெல்லாம் முறையாகத்தான். முதலில் கையாலேயே எல்லா நட்டையும் திருகினோம். ஒன்றை இறுக்கினால் அடுத்தது அதற்கு எதிர்ப்பக்கம். ஜெக்கை இறக்கிய பிறகு இன்னொரு சுற்று. கொஞ்ச தூரம் ஓடியதும் நிறுத்தி மறுபடி இறுக்குவது மட்டும்தான் பாக்கி.

மறுநாள் கெலிஓயாவில் மனைவியின் தங்கைக்குக் கல்யாணம். தோட்டத்துத் துரையிடம் கேட்டு அதே லொறியில் கிளம்பினோம். பின்னால் லயத்துச் சனம், கைக்குழந்தைகள், நடுவில் கல்யாணப் பொண்ணு, அவளைப் பிடித்தபடி என் மனைவி. பூசை வேலையில் எனக்கு மூன்று நாளாகச் சரியான தூக்கமில்லை. வத்தேகமை வந்ததும் பக்கத்தில் இருந்த கிளீனர், "மச்சான், நிறுத்துங்க, ஒருக்கா இறுக்கிட்டுப் போவோம்" என்றான். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "சும்மா வாடா, முகூர்த்தம் தப்பிடும்!" என்று கத்தினேன். முகூர்த்தத்துக்கு நேரம் கிடந்தது. நிறுத்தினால் அத்தனை பேரும் இறங்குவார்கள், திரும்ப ஏற்ற வேண்டும். அந்த அலுப்புதான்.

பேராதனை தாண்டி ஆற்றோரமாகப் போகும்போது ஸ்டியரிங் ஆடியது. கடகடவென்று சத்தம். மெல்ல மெல்லப் பிரேக் பிடித்து நிறுத்தி இறங்கினேன். ஆற்றுப் பக்கத்து முன்சக்கரத்தில் ஆறு நட்டில் இரண்டுதான் மிச்சம். அதுவும் விரலால் தொட்டதும் சுழன்றது.

மனைவி இறங்கி வந்து சக்கரத்தைப் பார்த்தாள். கீழே தண்ணீரைப் பார்த்தாள். "தம்பி நிறுத்தச் சொன்னானாமே?" என்று கேட்டாள். ஆமென்று தலையை ஆட்டினேன். தங்கையைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். நாங்கள் பெயிண்டைச் சுரண்டி, பெட்டியில் கிடந்த நட்டுகளைப் போட்டு இறுக்கி, தாலி கட்டி முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தோம்.

அதற்குப் பிறகு அவள் என் லொறியில் ஏறியதில்லை. கண்டிக்கு வந்தால் குட்செட் பஸ் ஸ்டாண்டில் வரிசையில் நின்று பஸ்ஸில்தான் வீட்டுக்குப் போவாள். இத்தனை வருசத்தில் எத்தனையோ தரம் வெறும் லொறியோடு வரும்போது, பையைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் நிற்கிறவளைப் பார்த்து நிறுத்தியிருக்கிறேன். "இப்பத்தான் இறுக்கினேன், ஏறு" என்பேன்.

"நீங்க போங்க. நான் பஸ்ஸில வர்றேன்" என்பாள்.

கோபமாகச் சொன்னால்கூடப் பரவாயில்லை.