தடைக்காலத்துக் கோல்கீப்பர்

முத்தியால்பேட்டையில் கேம் கடை வைத்திருக்கிறேன். பெட்டியை டிவியில் மாட்டி, மணிக்கு இவ்வளவு என்று ஆட விடுகிற கடை. ஆரம்பித்த வருஷம் ரெண்டு கம்பெனிப் பெட்டிகள், கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று, சந்தையில் முட்டிக்கொண்டிருந்தன. ஊரே கறுப்பை வாங்கியது. நான் வெள்ளையை வாங்கினேன். அதன் ஜாய்ஸ்டிக் என் கைக்கு அடக்கமாக இருந்தது, வேறு காரணமில்லை.

கறுப்புதான் ஜெயித்தது. கொஞ்ச வருஷத்தில் வெள்ளையைச் செய்தவர்களே அதைக் கைகழுவிவிட்டார்கள். "விலைபோகாத மாட்ட ஓட்டிக்கினு வந்துட்ட" என்பார் எனக்குத் தாலி கட்டிய வீட்டுக்காரர். சொல்லட்டுமே. எதிர்க்கடைத் தம்பி கறுப்பில் புது மாடல் வர வர வாங்கி, பழையதைப் பரண் மேல் போடுவார். இதுவரை மூன்று மாற்றிவிட்டார். என்னிடம் அதே வெள்ளைதான். நம்மூர் உப்புக்காற்றில் உள்ளே பச்சையாகக் களிம்பு பூத்துவிடும் என்று வாரம் ஒருநாள் திருகாணி கழற்றி, பல் துலக்கும் பிரஷ்ஷில் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கிறேன். பெற்ற பிள்ளைக்குக்கூட இவ்வளவு பார்த்ததில்லை.

கடையைத் தூக்கி நிறுத்துவது மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையேறியதும் ரெண்டு குப்பத்து ஆட்கள் மத்தியானத்தில் வந்துவிடுவார்கள். ஃபுட்பால் கேமில் இருந்த வெள்ளைக்காரப் பெயர்களை அழித்துவிட்டுத் தங்கள் பெயர்களை அடித்துவைத்திருந்தார்கள். வருஷாவருஷம் ரெண்டு குப்பத்துக்கும் போட்டி. அந்த அணிகள் இந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் இருக்கின்றன.

இந்த வருஷம் எதிர்க்கடைத் தம்பி முந்திக்கொண்டார். புதுப் பெட்டி, பெரிய டிவி, ஏசி, முதல் நாள் இலவசம். அத்தனை பேரும் என் வாசலைத் தாண்டித்தான் அங்கே போனார்கள். ஒருத்தர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. "தடைக்காலமும் போச்சுன்னா கடைய மூடிடு" என்று வீட்டுக்காரர் முன்னமே சொல்லியிருந்தார்.

அரைமணி நேரம் ஆகியிருக்கும். அங்கிருந்து சத்தமே வரவில்லை. கோல் விழுந்தால் தெருமுனை வரைக்கும் கேட்கிற தொண்டைகள் அவை. எட்டிப் பார்த்தேன். திரையில் ஒரு நீலக்கோடு நத்தை மாதிரி நகர்ந்துகொண்டிருந்தது. கேம் ஆட அப்டேட் இறங்க வேண்டுமாம், சாயங்காலம் ஆகுமாம். எனக்குச் சிரிப்பு வந்தது, பொய் சொல்வானேன்.

தம்பி தெருவைக் கடந்து வந்தார். "அக்கா, உங்க பெட்டிய இன்னிக்கு ஒருநாள் குடுங்களேன். மானம் போவுது."

"பெட்டி எங்கியும் வராது. ஆட்டம் இங்கதான். நீயும் வந்து உக்காரு" என்றேன்.

வந்தார்கள். என் முகத்தைப் பார்க்காமல் செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு, இடித்துப் பிடித்து உட்கார்ந்தார்கள். பொத்தானை அழுத்தினேன். கம்பெனி கைவிட்டு எத்தனையோ வருஷம் ஆன பெட்டி, ஒரு முனகலும் இல்லாமல் எழுந்து நின்றது. அதைத் துடைத்த கை இது என்று எல்லாரிடமும் காட்ட வேண்டும்போல இருந்தது.

அணிப் பட்டியல் வந்தது. பெட்டியைத் துடைப்பேனே தவிர, அந்தப் பக்கம் போய் நான் பார்த்ததே இல்லை. தம்பிதான் ஒவ்வொரு பெயராகப் படித்தார். கடைசியில் நிறுத்தி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னக்கா, கோல்கீப்பரா உங்க பேரு இருக்குது?"

மேல்குப்பத்து ஆள் தலையைச் சொறிந்தார். "போன வருஷம் கடைசி நாள் போட்டதுக்கா. ரெண்டு டீமுக்கும் நீங்கதான். சொல்லக் கூச்சமா இருந்துச்சு."

பெட்டி விற்கிறவர்கள் எத்தனை விற்றது என்று எண்ணிக்கொள்ளட்டும். அன்று சாயங்காலம் வரை ரெண்டு பக்கக் கோல் கம்பத்தடியிலும் நான்தான் நின்றேன்.