மிளகாய்க்குப் பின் அரைத்த கேப்பை

கம்பம் கடைத்தெருவில் மாவு மில்லைக் கடந்தேன். மிளகாய் நெடி மூக்கில் ஏறியது. எல்லோரும் தும்மிக்கொண்டே நகர்ந்தார்கள். நான் மட்டும் அங்கேயே நின்று, ஏழு வயதாகிப்போனேன்.

அம்மா இறந்து மூன்றாம் மாதம். தோளில் கேப்பைப் பையும் இடுப்பில் தங்கச்சி செல்வியுமாக அப்பா மில்லுக்குள் நுழைந்தார். வருகிற வழியில் செல்வியின் ஒற்றைச் செருப்பைத் தொலைத்திருந்தோம். தூக்குவாளி கவிழ்ந்து அப்பாவின் சட்டையெல்லாம் பால்வீச்சம்.

"என்ன மாப்ள, நீயே ஆத்தாளாவும் ஆயிட்ட போல?" என்றார் மில்காரர்.

அப்பா சிரித்துக்கொண்டே கேப்பையை இயந்திரத்தில் கொட்டினார்.

கொட்டும் முன் அம்மா எப்போதும் கேட்பாள், "முன்னாடி என்ன அரைச்சீக?" மிளகாய் என்றால், யாராவது மல்லி அரைத்துக் கல்லில் ஒட்டிய காரம் போகும்வரை காத்திருப்பாள். அப்பாவுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். வாயில் ஜவ்வுமிட்டாய் இருந்தது, நான் சொல்லவில்லை.

அன்று கூழின் முதல் வாயிலேயே செல்வி அலறினாள். உதடு சிவந்து, மூச்சு முட்டி, எதற்கும் நிற்காத அழுகை. அவள் நாக்கில் சீனியைத் தடவியபடி அப்பா சுவரைப் பார்த்துச் சொன்னார், "என்னால ஆகல."

மில்லில் அம்மா கேட்பதை அன்றிரவுதான் அப்பாவிடம் சொன்னேன். மறுநாள் ஜெயமங்கலத்திலிருந்து சித்தி வந்தாள். செல்வியை அவளே வளர்ப்பதென்று முடிவானது. பஸ் நகரத் தொடங்கியதும் அப்பா சித்தியின் ஜன்னலைப் பிடித்தபடி கூடவே ஓடினார்.

"கேப்பை அரைக்கப் போனா, முன்னாடி என்ன அரைச்சாகன்னு கேட்டுக்க ஆத்தா!"